தடுத்த கை

ஒரு பேரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், அவ்வளவுதான் வேலை, அதற்கு எதற்கு இத்தனை நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று செண்பகவல்லிக்கு எரிச்சலாக வந்தது. திருவாழி வக்கீல் வீட்டு முன்னறையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவளுக்கு வாய்த்ததற்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் டொக்கென்றது, அசையாமலும் இருக்க முடியவில்லை. மடியில் இரண்டு வக்காலத்துகள். ஒன்றில் பெரியண்ணன் வேம்புராஜ் கையெழுத்து, இன்னொன்றில் சின்னண்ணன் லிங்கதுரை கையெழுத்து, இரண்டுக்கும் பக்கத்தில் ஜெயில் அதிகாரியின் முத்திரை. வக்கீல் பேர் எழுதுகிற இடம் மட்டும் இரண்டிலும் காலி. திருவாழி இதில் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்வார். மற்றதைத் தூக்கிக்கொண்டு வேறு யாரிடமாவது அலைய வேண்டும். கொலைக் கேஸ் என்றால் இந்த ஜில்லாவில் திருவாழிதான். டீக்கடையில் சொன்னார்கள், ஜெயில் வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவள் சொன்னாள், அண்ணன்மாரைப் பிடித்துக்கொண்டு போன ஏட்டையாவே சொன்னார், “அவர்ட்ட போங்கம்மா, அவரு வந்துட்டா நாங்க எழுதுனதெல்லாம் பொட்டலம் மடிக்கத்தான்” என்று, கொஞ்சம் பெருமையாகக்கூட. பிடித்தவரே சொல்கிறார் என்றால் பெரிய ஆள்தான். பெரிய ஆள் இன்னும் இட்லி தின்றுகொண்டிருக்கிறார். உள்ளே தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்கிறது. சுவரில் ஆணியில் கறுப்புக் கவுன் தொங்குகிறது, ஃபேன் காற்றில் ஒரு கை மட்டும் லேசாக ஆடுகிறது, கை இல்லாத கை, அதைப் பார்க்காதே, வேறு எதையாவது பார்.

வேறு எதைப் பார்த்தாலும் மூலையில் அந்தத் தண்ணீர் கேன். பச்சை மூடி. பச்சை மூடி என்றால் அருமைநாயகம் அண்ணாச்சியின் கேன், அண்ணன்மார் கடைகடையாகப் போட்ட கேனுக்கு நீல மூடி. செத்துப்போன ஆளின் தண்ணீரை இந்த வீட்டில் குடிக்கிறார்கள். ஆள் போனாலும் லோடு நிற்கவில்லை, யாரோ ஏற்றுகிறார்கள், யாரோ இறக்குகிறார்கள், அவர் மச்சானாக இருக்கும். நீல மூடிதான் நின்றுபோனது, வண்டியையும் விற்றாகிவிட்டது. எதிர் நாற்காலியில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். கேனுக்குள் ஒரு பெரிய குமிழி அடியிலிருந்து கிளம்பி ஆடி ஆடி மேலே போய்க் குபுக்கென்று உடைந்தது. செண்பகவல்லிக்கு நாக்கு ஒட்டியது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. குடித்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே, அதில் அண்ணாச்சியா மிதக்கிறார்? ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணாச்சி நல்ல மனுஷன் என்றும் சொல்ல முடியாது, கெட்ட மனுஷன் என்றும் சொல்ல முடியாது. அவள் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் கோட்டை விட்டுப் படிப்பை விட்ட வருஷம், வழியில் பார்த்து, “என்னட்டி, உங்க அண்ணன் கேனுலயே நீயும் ஏறிட்டியா, மூடி போட்டு அனுப்பிருவான் பாத்துக்க” என்று சிரித்தார். அவளும், “உங்க கேனுல ஏறுனா வெளிய வந்து ஒரு தடவை குளிக்கணும்லா” என்றாள். அதற்கும் சிரித்தார். சிரித்த ஆள்தான். படியில் விழுந்தபோது வாய் திறந்திருந்தது, சிரிக்கிற மாதிரியேதான் இருந்தது, வேண்டாம், அதுக்குள்ளே போகாதே.

முந்தாநாள் வந்தபோது அம்மாவும் கூட இருந்தாள். திருவாழி எஃப்.ஐ.ஆரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை வரிக்கு வரி நகர்த்தி. முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டு பேருக்கும் நான் ஆஜராக முடியாது. ஒருத்தனைச் சொல்லுங்க.”

அம்மாவுக்குப் புரியவில்லை. “ரெண்டும் எம் பிள்ளையதான ஐயா. ஒரு வயித்துல பிறந்ததுவோ.”

“வயிறு ஒண்ணுதாம்மா. கேஸு ரெண்டு. ராடுல ரெண்டு பேரு கையும் இருந்திருக்கு, ஓட்டல்காரன் பாத்திருக்கான். கை இருந்துச்சு, ஆனா தடுக்கத்தான் பிடிச்சான், அப்படின்னு நான் ஒருத்தனுக்குச் சொல்லலாம். சொல்லி வெளிய கொண்டாந்துருவேன். ரெண்டு பேருக்கும் அதையே சொன்னா ஜட்ஜ் என்னைப் பாத்துச் சிரிப்பாரு. ரெண்டு பேருமே தடுத்தாங்கன்னா, ராடு தானா அடிச்சுதா?”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில்தான் அவளுக்கு எப்போதும் வரும். அம்மா தொடையில் கிள்ளினாள்.

“அப்ப இன்னொருத்தன் ஐயா?”

“அவனுக்கு வேற வக்கீல் பாருங்க. கோர்ட்டே கூட ஆள் போட்டுக் குடுக்கும். அவரு அவர் பங்குக்குப் பேசட்டும். சின்ன வக்கீல் ஒருத்தரை வச்சு ரெண்டு பேருக்கும் சேத்து நிப்பாட்டுனீங்கன்னு வைங்க, ரெண்டு பேரும் சேந்தே உள்ள கிடப்பாங்க. ஆனா ஒண்ணு, நான் நிக்கிற பக்கம்தான் தடுத்த கை. அதுக்குத்தான என்னைத் தேடி வந்திருக்கீங்க?”

“நான் அங்கனதான் நின்னேன் சார்,” என்றாள் செண்பகவல்லி. “நான் பாத்தது…”

“நான் கேக்கல பாப்பா. நீயும் சொல்லல.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அதோடு சரி. அவள் சொல்ல வந்தது பாதியில் நின்றது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அவர் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? பார்த்தேன் சார், ஆனா தெரியலை சார். இதைவிட அசிங்கமான பதில் உண்டா? பார்த்தாயா, பார்த்தேன். யார் அடிச்சது, தெரியலை. கண்ணு இருந்துச்சா, இருந்துச்சு.

ஓட்டல் பின்வாசல். அண்டா கழுவிய தண்ணீர் ஓடிச் சிமெண்டுப் படியெல்லாம் வழுவழுவென்று கிடந்தது. அவள் லோடு ஆட்டோவின் பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சி மேல்படியில் நின்று, இது நான் தண்ணி போடுத கடைலே, எங்கடைல வந்து எவன்டா நீலக் கேனை இறக்குதது என்று கத்தினார். சின்னண்ணன், “உங்க தண்ணில தவக்களை கிடந்துச்சாம் அண்ணாச்சி, அதான் மாத்திட்டாவோ” என்றான். அவளே சிரித்தாள். அவள் சிரித்திருக்கக் கூடாது. அவள் சிரித்ததில்தான் அண்ணாச்சிக்கு ஏறியது, அப்புறம் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார், அதற்குப் பிறகு ராடு. ஜாக்கி ராடு, டிரைவர் சீட்டுக்கு அடியில் சாக்குக்குள் கிடப்பது. அது எப்படி வெளியே வந்தது? வண்டியை ஓட்டி வந்தது பெரியண்ணன், சீட்டுப் பக்கம் நின்றதும் அவன்தான், ஆகையால் எடுத்தது அவன். ஆனால் எடுத்தவன்தான் அடித்தவன் என்று யார் சொன்னது, பயம் காட்ட எடுத்திருப்பான், அவன் எல்லாவற்றுக்கும் பயம் காட்டுகிறவன்தானே, அவள் ஃபெயிலானபோது ஒரு அறை, அறைந்த கையாலேயே டுடோரியலில் கொண்டுபோய்ச் சேர்த்தான், அவள் இரண்டாவது நாளே நின்றுகொண்டாள். ராடு மேலே போயிற்று. பெரியண்ணன் கையில் வெள்ளிக் காப்பு. சின்னண்ணன் கையில் சிவப்புக் கயிறு. காப்பு மேலே, கயிறு கீழே. இல்லை, கயிறு மேலே. ராடு மேலே போயிற்று, நின்றது, ஒரு கணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது, அந்த இழுபட்டதை அவள் பார்த்தாள், அது சத்தியம், யாரோ ஒருத்தன் வேண்டாம் என்று இழுத்திருக்கிறான். யாரோ ஒருத்தன். பிறகு கீழே வந்தது. அண்ணாச்சி படியில் மல்லாந்தார். அடி சரியாகப் படக்கூட இல்லை, தோளில்தான் பட்டது, வழுக்கிப் படி விளிம்பில் மண்டை போய் மோதியது. அதைச் சொன்னால் திருவாழி கேட்டுக்கொள்வார், அதெல்லாம் விசாரணையில் பாத்துக்கிடலாம் என்பார், அவருக்கு வேண்டியது தடுத்த கை. காப்பா, கயிறா. காப்பு இழுத்தது என்று வைத்துக்கொண்டு மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் அப்படியே ஓடுகிறது. கயிறு இழுத்தது என்று வைத்தாலும் அப்படியே ஓடுகிறது. இரண்டும் உண்மை மாதிரியே இருக்கிறது. இது என்ன கண்?

வெள்ளைச் சட்டைக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்தது அவள்தான். குமாஸ்தா பிச்சுமணி எட்டிப் பார்த்து, “பேரை முடிவு பண்ணிட்டீங்கள்லா? உள்ள போய் அழப்பிடாது. அவருக்குப் பத்தரைக்குக் கோர்ட்டு” என்றார். “நான் எதுக்கு அழப்போறேன்?” என்றாள் செண்பகவல்லி. அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். போகட்டும். அழுகிறவள் வாசலில் இருக்கிறாள். அம்மா உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “நீ போய்ச் சொல்லிட்டு வாட்டி. எவன் பேரைச் சொன்னன்னு எங்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியக் கூடாது.” நல்லா இருக்கே! உனக்குத் தெரியக் கூடாது, எனக்கு மட்டும் தெரியலாமா? உன் வாயால் வந்த வினைதானே இதில் பாதி. அன்றைக்குச் சாயங்காலம் போலீஸ் வந்து, பையங்க பேரு என்னம்மா என்று கேட்டபோது அம்மா எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னாள், வேம்புராஜ், லிங்கதுரை என்று. மூத்தவன் பேரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் அப்படித்தான், கோயில் அர்ச்சனையில் அப்படித்தான், சோறு வைக்கிறதில்கூட அப்படித்தான். போலீஸ்காரர் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டார். வேம்புராஜ் முதல் குற்றவாளி, ஏ ஒன், லிங்கதுரை ஏ டூ. ஏ ஒன் ஆனதும் அடித்தது ஏ ஒன் என்று ஆயிற்று, கூடக் கை வைத்தது ஏ டூ என்று ஆயிற்று. ஓட்டல்காரனும் அதையே ஒப்பித்தான். வயசு வரிசையில் ஒருத்தன் கொலைகாரன் ஆகிவிட்டான். அம்மா மாற்றிச் சொல்லியிருந்தால் மாறியிருக்கும். அம்மா எப்படி மாற்றிச் சொல்வாள்? அவளுக்கு வாயே திரும்பாது.

கையெழுத்து வாங்க ஜெயிலுக்குப் போனபோது இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் வலை, நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளி, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவளும் கத்தினாள், திருவாழி ஒருத்தருக்குத்தான் வருவாராம், யாருக்கு வைக்க என்று. பெரியண்ணன் யோசிக்கவே இல்லை. “தம்பிக்கு வையிட்டி” என்றான், தட்டில் கிடந்த மீன் துண்டைத் தள்ளிவிடுகிற மாதிரி. சின்னண்ணன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் கழித்து, “அவரு வந்தா எப்ப வெளிய விடுவாவோ?” என்றான். அவ்வளவுதான். அவனுக்குக் கழுத்தெல்லாம் மூட்டைப்பூச்சி கடித்துத் தடித்திருந்தது. கயிற்றை அறுத்து வாங்கியிருக்கிறார்கள், மணிக்கட்டில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. பெரியண்ணன் கையிலும் காப்பு இல்லை. இரண்டு கையும் வெறும் கையாக வலையைப் பிடித்திருந்தது, எது யார் கை என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பியது. தம்பிக்கு வை என்றானே, அது பாசமா, இல்லை, அடித்தது தான்தான் என்று அவனுக்குத் தெரியுமா? அடித்தவன்தான் விட்டுக்கொடுப்பானா? அடிக்காதவனும் விட்டுக்கொடுப்பான், அவன் பெரியண்ணன், அவனுக்கு அது ஒரு வியாதி. சின்னண்ணன் சும்மா நின்றானே, அது குற்றமா, பயமா? பயந்தவன்தானே வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுப்பான்? ஃபெயிலான அன்றைக்குப் பெரியண்ணன் அறைந்தபிறகு அவளைப் பைக்கில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தவன் சின்னண்ணன். “விடுட்டி, ரெண்டு மக்குக இருந்தா வீட்டுக்கு லட்சணம்” என்றான். அதனால் அவன் அடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? பரோட்டா வாங்கிக் கொடுத்தவன் எல்லாம் நல்லவன் என்றால் ஜெயிலில் யாருமே இருக்க மாட்டார்கள்.

சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக. பள்ளிக்கூடத்தில் தெரியாத கேள்விக்கெல்லாம் அவள் முதல் விடையையே எழுதிவிட்டு வந்தாள். எதையாவது எழுதினால்தான் எழுந்திருக்க விடுவார்கள். இங்கேயும் அதுதான், ஆனால் இங்கே எழுதுகிற விடையே சரியான விடை ஆகிவிடும். அவள் யாரைச் சொல்கிறாளோ அவன் தடுத்தவன். திருவாழி கோர்ட்டில் எழுந்து நின்று கவுன் கையை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்வார், தடுத்தான் என்று. ஓட்டல்காரனும் கடைசியில் ஆமா என்பான். ஊரே அப்படித்தான் பேசும். மற்றவன் உள்ளேயே இருந்து நரைத்து ஒருநாள் வெளியே வருவான், வந்து இவளைப் பார்ப்பான். சரி, லிங்கதுரை. லிங்கதுரை என்றே சொல்லிவிடலாம். பெரியண்ணனே அதைத்தான் சொன்னான், அம்மா மனசும் அங்கேதான், கேட்கவே வேண்டாம், ராத்திரி தூக்கத்தில் பேர் சொல்லிப் புலம்புகிறது அவனைத்தான். ஏ டூவை வெளியே கொண்டுவருவது சுலபம் என்று பிச்சுமணிகூடச் சொன்னார். எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டுகிறார்கள். அப்புறம் ஏன் அவளை அனுப்புகிறார்கள்? கை காட்டினவர்கள் யாருக்கும் வாய் அழுக்காகக் கூடாது, அதற்குத்தான். லிங்கதுரை. நாற்காலி டொக்கென்றது. லிங்கதுரை. சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், அர்த்தம் போய் வெறும் சத்தமாக ஆகிற வரைக்கும்.

“வாம்மா,” என்றார் பிச்சுமணி.

திருவாழி மேசைக்கு அந்தப் பக்கம் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் புதுத் திருநீறு. கெட்ட ஆள் மாதிரியே இல்லை. நல்ல ஆள் மாதிரிதான் இருந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு வக்காலத்தையும் மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள். அவர் பேனா மூடியைத் திறந்தார்.

“அம்மா வரலையா?”

“வெளிய இருக்காவோ.”

“சரி. சொல்லு பாப்பா. யாருக்கு?”

“நீங்க யாருக்கு நின்னாலும் அவன்தான் தடுத்தான்னு ஆயிருமா சார்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. “ஆக்குறதுதாம்மா என் வேலை. பேரைச் சொல்லு.”

லிங்கதுரை. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அண்ணன்மார் பேரை யார் கேட்டாலும், டீச்சர் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாலும், பேசத் தெரிந்த நாளிலிருந்து வாய் ஒரே தடத்தில்தான் போய்ப் பழகியிருக்கிறது. அது அவளைக் கேட்கவில்லை.

“வேம்புராஜ், லி…”

“வேம்புராஜ்.” அவர் முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஏ ஒன்னா? கஷ்டமானதைத்தான் எடுத்திருக்க. பரவால்ல, பாத்துக்கிடலாம்.”

திருத்துவதற்கு நேரம் இருந்தது. இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, நிறையவே இருந்தது. அவர் மெதுவாக எழுதுகிற ஆள், இனிஷியலைப் போட்டுப் புள்ளி வைத்து, பேனாவை ஒரு உதறு உதறி, அப்புறம் தி, அப்புறம் ரு. இல்லை சார், நான் சொல்ல வந்தது அது இல்லை சார் என்று சொன்னால் அந்தத் தாளைத் தள்ளிவிட்டு இந்தத் தாளை இழுத்துக்கொண்டிருப்பார், அவருக்கு என்ன. முன்னறையில் யாரோ தண்ணீர் பிடித்தார்கள், குபுக்கென்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? முதலில் சொன்ன பேர் ஒரு தடவை அவனை மாட்டிவிட்டது, அதே வரிசை இன்னொரு தடவை அவனை எடுத்துவிடட்டுமே என்று தோன்றியதா? அப்படி ஒன்றும் அப்போது தோன்றவில்லை. தோன்றியது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்போது அவள் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசி எழுத்தின் சுழியை வளைத்து முடித்தது. முடித்தவுடன், எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் சட்டென்று நின்றுவிட்டது. ராடு மேலே இருக்கிறது. காப்புப் போட்ட கை பின்னால் இழுக்கிறது, நரம்பு புடைக்க இழுக்கிறது, வேண்டாம்லே என்கிறது. சிவப்புக் கயிறு கட்டின கை அதை மீறிக் கீழே அழுத்துகிறது. எவ்வளவு தெளிவு. சின்னண்ணன் முகம்கூடத் தெரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அவள் கண்ணை மூடி மற்றதை வரவழைத்துப் பார்த்தாள். கயிறு இழுக்கட்டும், காப்பு அழுத்தட்டும், காலையில்கூட அப்படி ஓடியதே, நாற்காலியில் இருக்கும்போதுகூட ஓடியதே. வரவில்லை. காப்பு இழுத்தது, கயிறு அழுத்தியது, திரும்பத் திரும்ப அதுவே வந்தது.

“லிங்கதுரை தாளை எடுத்துட்டுப் போம்மா,” என்றார் திருவாழி. “இவனுக்கும் நல்ல ஆளாவே பாருங்க. எனக்கு எதிர ஒண்ணுமில்லாதவன் நின்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.”

வெளியே வெயில் ஏறியிருந்தது. அம்மா செருப்பைவிட்டு எழுந்தாள், புடவையில் மண்ணைத் தட்டினாள், முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். செண்பகவல்லி தாளைக் கொடுத்தாள். அம்மா அதை விரிக்காமலே இரண்டாக மடித்தாள், பிறகு இன்னொரு மடிப்பு.

“முடிஞ்சுதாட்டி?”

“முடிஞ்சுது. எம்மா, தண்ணி இருக்கா?”

அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடித்தாள். அம்மா மடித்த தாளின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் பேசினாள், சொல்லாதே, எனக்குத் தெரியக் கூடாது என்றவள்தான்.

“பெரியவன் ஒண்ணும் நினைக்க மாட்டாம்ட்டி. அவன் தாங்கிக்கிடுவான். சின்னவனுக்குத்தான் ஒரு பூச்சி கடிச்சாலும் ஆகாது. நீ சரியாத்தான் செஞ்சிருப்ப.”

செண்பகவல்லி நின்றாள். அம்மா நாலு எட்டு போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம். வீடு போகிற வரைக்குமாவது சும்மா இருந்திருக்கலாம். அது செண்பகவல்லிக்கு வராது.

“எம்மா,” என்றாள். “அதைப் பிரிச்சுப் பாரு.”

தாளின் மடிப்பின் மேல் போய்க்கொண்டிருந்த அம்மாவின் நகம் அங்கேயே நின்றது.